ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம், வண்டி பேட்டரியை என்ன செய்வது?

மிட்ரண்ட் மதுரைக்காரன்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிறோம், டிசம்பர் இரண்டாவது வாரம் ஊருக்குக் கிளம்புகிறோம். தை பிறந்ததும் தங்கை கல்யாணம், அதற்கு முன்னும் பின்னும் சொந்தக்காரர் வீட்டுச் சுற்று, எல்லாம் முடித்துத் திரும்ப ஜனவரி கடைசி ஆகிவிடும். கிட்டத்தட்ட ஆறு வாரம் வீட்டில் யாரும் இல்லை, இரண்டு வண்டிகளும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒன்று சின்ன கார், மூன்று வருடப் பழசு, சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்து கிளட்சை மிதித்தால் தானே கிளம்புகிற வகை. காம்ப்ளெக்ஸ் கார்போர்ட்டில் நிற்கிறது. மேலே தகரக் கூரை, பக்கத்தில் பிளக் பாயின்ட் கிடையாது, வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தால் பாடி கார்ப்பரேட், அதாவது காம்ப்ளெக்ஸ் நிர்வாகச் சங்கத்து ஆட்களிடமிருந்து மறுநாளே கடிதம் வந்துவிடும். இன்னொன்று பழைய டீசல் பக்கி (பிக்-அப் வண்டி), வெளியே வெறும் வெயிலில் நிற்பது. இரண்டிலும் திருட்டுப் போனால் கண்டுபிடிக்க டிராக்கர் உண்டு, காரில் டேஷ்கேமும் இருக்கிறது.

ஆபீசில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போ என்கிறார், இன்னொருவர் அப்படிச் செய்தால் இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார், மூன்றாமவர் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடு என்கிறார். சார்ஜர் வாங்கலாம் என்றால் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

ஸ்பேனர் பாண்டி, லெனேசியா:

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை எடுத்து, வண்டி தூங்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். ஆறு வாரத்தில் பேட்டரி சாவதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரி இல்லை. நல்ல பேட்டரி தன்னால் இறங்குவது மாதத்துக்கு நான்கைந்து சதவீதம்தான், வெயில் காலத்தில் கொஞ்சம் கூடும், அவ்வளவே. மீதியெல்லாம் நாம் மாட்டி வைத்திருக்கும் சாமான்கள் உறிஞ்சுவது. ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், அலாரம், ரேடியோவின் நினைவு, அப்புறம் இந்த நாட்டில் இன்ஷூரன்ஸ்காரர்கள் கட்டாயப்படுத்தும் டிராக்கர். ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் எடுக்கும், ஆனால் ராப்பகலாக எடுக்கும்.

சாவியை எடுத்து, விளக்கெல்லாம் அணைத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். பானெட் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தட்டிவிட்டால் வண்டி மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, மைனஸ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரைப் போடுங்கள். உடனே வரும் எண்ணை நம்பக் கூடாது. முதலில் இரண்டு மூன்று ஆம்பியர்கூடக் காட்டும், உள்ளே இருக்கும் கன்ட்ரோல் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரைமணி நேரம் ஆகலாம். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது, சாவியைப் போடவே கூடாது, போட்டால் மீட்டரின் பியூஸ் போய்விடும். கடைசியில் நிலைத்து நிற்கிற எண் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம், 20, 30 என்றால் ரொம்ப நல்லது.

அந்த 50-ஐச் சின்ன எண் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச்., அதாவது ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளளவை அளக்கும் கணக்கு. உங்கள் காரில் 60 ஏ.எச். பேட்டரி இருந்தால் இருபத்தைந்து நாளில் பாதி காலி. பாதிக்குக் கீழே இறங்கி நின்றால் ஸ்டார்ட் ஆகுமா என்பதை விட மோசமான விஷயம், உள்ளே ஈயத் தகட்டின் மேல் சல்பேட் படிந்து இறுகிப் போவது. புதிதாகப் படிந்தது சார்ஜ் போட்டால் கரையும், வாரக்கணக்கில் கிடந்தது கரையாது. அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

வோல்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டி நிறுத்தி ஒரு ராத்திரி விட்டுக் காலையில். 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-ஐத் தொட்டுவிட்டால் கால்வாசிதான் மிச்சம். எஞ்சின் தானே அணைகிற வண்டி என்றால் உங்களுடையது அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கச் செய்த ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. வகைப் பேட்டரி, மேலேயே எழுதியிருக்கும். ஏ.ஜி.எம். என்றால் நிறைந்த நிலையில் 12.8 கூட இருக்கும், இறங்குவதும் கொஞ்சம் மெதுவாக இறங்கும்.

மைனஸைக் கழற்றினால் கம்ப்யூட்டர் கெடும் என்பதெல்லாம் சும்மா. கடிகாரம் போகும், கண்ணாடி ஒரே தொடலில் ஏறுவது மறக்கும், சில ரேடியோ கோடு கேட்கும், கொஞ்ச தூரம் ஓட்டும் வரை ஸ்டியரிங் விளக்கு எரியலாம். அவ்வளவுதான். உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வரும், டிராக்கரில். எண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

என்1 பயணி:

இவ்வளவு பாடு எதற்கு அண்ணா? பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னால் போதும். அப்படியும் இறங்கிவிட்டால் ஜம்ப் கேபிள் எதற்கு இருக்கிறது? பக்கத்து வண்டியிலிருந்து மாட்டி ஐந்து நிமிடத்தில் கிளப்பிவிடலாம். நான் பல வருடமாக இப்படித்தான்.

பொலக்வானே வெயில்:

பல வருடமாக ஓடுகிறது என்றால் உங்கள் வண்டியில் தூக்கத்தில் உறிஞ்சுவது குறைவாக இருக்கும், அதிர்ஷ்டம். ஆனால் கணக்குப் போட்டால் உதைக்கிறது. தூங்கும்போது 70 மில்லி ஆம்பியர் எடுக்கிற வண்டி வாரத்துக்கு 12 ஏ.எச். இழக்கிறது. நின்ற இடத்தில் ஐடில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓட்டத்தில் கரண்ட் எடுத்துப் பேட்டரியை நிரப்புவது) முழு வேகத்தில் கொடுக்காது, கொடுப்பதிலும் ஃபேன், பெட்ரோல் பம்ப், பின்கண்ணாடி ஹீட்டர், ஏ.சி. என்று ஒரு பங்கு போய்விடும். பேட்டரியும் கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளாது, நிரம்ப நிரம்ப வாங்குவது குறைந்துகொண்டே போகும். பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று ஏ.எச். உள்ளே போனால் பெரிது. பன்னிரண்டு போகிறது, மூன்று வருகிறது.

அது தவிர, சூடேறாத எஞ்சினை அணைத்தால் எண்ணெயிலும் சைலன்சரிலும் தண்ணீர் கோத்து நிற்கும். மூடிய கராஜில் ஐடில் விட்டால் கார்பன் மோனாக்சைடு, அது ஆளையே கொல்லும், விளையாட்டில்லை. யாராவது எடுக்கிறார்கள் என்றால் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வர வேண்டும், அப்போது உங்கள் இன்ஷூரன்ஸில் வேறு ஆள் ஓட்ட இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் அவ்வளவு வேலை.

ஸ்பேனர் பாண்டி, லெனேசியா:

ஜம்ப் கேபிள் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச் 27-ல் ஊரடங்கு தொடங்கி வண்டிகள் எல்லாம் வீட்டில் நின்றது நினைவிருக்கும். கடையைத் திரும்பத் திறந்தபோது வந்ததில் பெரும்பகுதி பேட்டரி வேலைதான். ஜம்ப் போட்டுக் கிளப்பி, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து, மறுநாள் காலை மறுபடி எழவில்லை என்று நின்றவர்கள் ஏராளம். முழுக்க இறங்கிய பேட்டரியை நிரப்பும் வேலைக்கு ஆல்டர்னேட்டரைச் செய்யவில்லை, நிறைந்ததை நிறைந்தபடி வைத்திருக்கத்தான் செய்திருக்கிறார்கள். அதை அப்படி ஓட்டினால் சூடாகி அதுவும் போகும், பேட்டரி விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ஜம்ப் போட்டே ஆக வேண்டும் என்றால் கடைசிக் கறுப்புக் கவ்வியை இறங்கிய பேட்டரியின் மைனஸில் போடாதீர்கள், தள்ளி எஞ்சின் இரும்பில் போடுங்கள். பேட்டரி மேல் ஹைட்ரஜன் நிற்கும், ஒரு பொறி போதும்.

உம்கேனி வேல், டர்பன்:

எங்கள் கோயில் வேனைப் பற்றிச் சொல்கிறேன், உதவினால் சரி. தைப்பூசக் காவடி, புரட்டாசிச் சனிக்கிழமைகள், பங்குனியில் கொஞ்சம், நடுவில் யாராவது இறந்தால் சுடுகாட்டுக்கு. மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்பதுதான் அதன் வேலை. வருடக்கணக்கில் அதற்கு ஒரு பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் மாட்டி அப்படியே விட்டிருந்தார்கள், முள் ஆடும் மீட்டர் வைத்த கனமான இரும்புப் பெட்டி. பொறுப்பு என் கைக்கு வந்ததும் மூடியைத் திருகித் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு அறையில் நான்கில் தகடு தண்ணீருக்கு மேலே தெரிகிறது, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி இறங்கவே இல்லை, அதை வருடக்கணக்கில் கொதிக்க விட்டிருக்கிறார்கள். அந்த வகைச் சார்ஜருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது, நாம்தான் பிடுங்க வேண்டும்.

இப்போது ஸ்மார்ட் சார்ஜர் வைத்திருக்கிறோம். முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றும், நிறைந்ததும் தானே 13.6 பக்கம் இறங்கி அங்கேயே காத்துக்கொண்டிருக்கும், இறங்கிய அளவுக்கு மட்டும் கொடுக்கும். மாதக்கணக்கில் மாட்டியே இருக்கிறது, வேன் ஒரே சாவியில் எழுகிறது. மைடாஸ் போன்ற வண்டிச் சாமான் கடைகளில் சில நூறு ராண்டிலிருந்து கிடைக்கும், ஆனால் வாங்கும்போது உங்கள் பேட்டரி ஏ.ஜி.எம். என்றால் அதற்கான நிலை அந்தச் சார்ஜரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் விஷயம் கேட்டிருந்தீர்கள். 2023 போல மோசமாக இப்போது இல்லை, 2024 மார்ச்சுக்கு அப்புறம் லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது, ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்பார்மர் வெடிப்பு என்று போகத்தானே செய்கிறது. இரண்டு மணி நேரம் கரண்ட் போவதால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு நாள் போனாலும் ஆகாது. பார்க்க வேண்டியது வேறு. சில மலிவுச் சார்ஜர்கள் கரண்ட் திரும்பி வந்ததும் பட்டன் அழுத்தும் வரை சும்மா கிடக்கும். நீங்கள் மதுரையில் இருப்பீர்கள், இங்கே யார் அழுத்துவது? விட்ட இடத்திலிருந்து தானே தொடரும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

கடல் காற்றில் எங்களுக்கு இன்னொரு தொல்லை, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். சமையல் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு வாசலின் தடவுகிறோம். உங்கள் ஜோகன்னஸ்பர்க் காற்றில் அவ்வளவு வராது.

அப்புறம், கோயிலில் பெரியவர் ஒருவர் பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்று இன்றும் பலகை போட்டுத்தான் வைப்பார். மரப்பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. நான் எதிர்த்துப் பேசுவதில்லை. பலகை இருந்தால் தூக்க வசதி.

பொலக்வானே வெயில்:

பக்கிக்குச் சோலார்தான் சரி. வெளியே நிற்கிறது, டிசம்பர், உங்கள் ஹைவெல்ட் பீடபூமி வெயில், இதைவிட என்ன வேண்டும். என் கேரவனுக்கும் பழைய பக்கிக்கும் அதுதான். 10 வாட் தகடு ஒன்று, நடுவில் சின்ன ரெகுலேட்டர், முடிந்தது. 10 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நிஜத்தில் நல்ல வெயிலில் அரை ஆம்பியர் வந்தால் அதிகம், கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் இன்னும் குறையும். அப்படியும் நாளைக்கு ஒன்றரை இரண்டு ஏ.எச். கிடைக்கும், பழைய பக்கியும் டிராக்கரும் சேர்ந்து எடுப்பதற்கு அது தாராளம். மத்தியானம் இடிமழை மேகம் கட்டினாலும் காலை வெயில் போதும்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை வாங்கினால் முதலில் ஒன்று பாருங்கள். சாவியை எடுத்தபின் அந்தத் துளையில் கரண்ட் இருக்கிறதா? பல வண்டிகளில் துண்டித்துவிடும், அப்போது தகட்டில் விளக்கு அழகாக மின்னும், பேட்டரிக்கு ஒரு துளியும் போகாது. நேராகப் பேட்டரியில் மாட்டுவதே நல்லது, பிளஸ் வயரில் ஒரு பியூஸ் போட்டு.

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் பழக்கத்தில் தகட்டைத் தெற்கே சாய்த்து வைக்கிறார்கள். இங்கே சூரியன் வடக்கே. ஜூன் ஜூலையில் நிறுத்துகிறீர்கள் என்றால் வண்டியின் முகம் வடக்கைப் பார்க்க நிறுத்தி, தகட்டை டேஷ்போர்டில் கண்ணாடியோடு சாய்த்து வையுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல், அதனால் டேஷ்போர்டில் தட்டையாகப் போட்டாலே போதும், திசை பற்றிக் கவலை வேண்டாம்.

வெளியே கேனோபி (பக்கியின் பின்பக்க மூடி) மேல் ஒட்டினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். எத்தனை நாள் அங்கே இருக்கும் என்பது உங்கள் ஏரியாவைப் பொறுத்தது. பேட்டரியையே கழற்றிக்கொண்டு போகிற ஊர் இது.

பிரிட்டோரியா அக்கா:

ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி) வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. டர்பன் புரோஸ்பெக்டனில் செய்கிற கொரோலா கிராஸ் ஹைபிரிட் எங்களிடம் இருக்கிறது. பெரிய பேட்டரி இருக்கிறதே, வண்டி எப்படி இறங்கும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கதவு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாம் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியில்தான் எழுகின்றன. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கல்தான்.

நான் ஷிஃப்ட் முறையில் ஆஸ்பத்திரி வேலை, வண்டி வாரக்கணக்கில் நிற்பதுண்டு. எங்கள் வழி, வாரம் ஒருமுறை வெளியே திறந்த இடத்தில் வைத்து, ரெடி விளக்கு வரும்படி போட்டு, பார்க்கில் வைத்து ஒரு மணி நேரம் விடுவது. அப்போது பெரிய பேட்டரியே சின்னதை நிரப்பிக்கொள்ளும், எஞ்சின் தேவைப்பட்டால் தானே ஓடி அணையும். ரெடி வராமல் வெறும் ஆக்சஸரியில் வைத்துப் பாட்டுக் கேட்டால் நேர்மாறு, சின்ன பேட்டரி காலியாகும். இன்னொன்று, ஸ்மார்ட் சாவியை வண்டிக்குப் பக்கத்துச் சுவர் ஆணியில் மாட்டாதீர்கள். சாவி அருகில் இருந்தால் வண்டி அடிக்கடி விழித்துக்கொண்டே இருக்கும்.

மதுரைக்காரருக்கு ஒரு கேள்வி. டெர்மினலைக் கழற்றுவதாக இருந்தால் இன்ஷூரன்ஸில் கேட்டீர்களா? கேட்காமல் செய்யாதீர்கள் தம்பி.

மிட்ரண்ட் மதுரைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பாண்டி அண்ணன் சொன்னபடியே மீட்டர் போட்டுப் பார்த்தேன். காரில் எல்லாம் தூங்கிய பிறகும் 110 மில்லி ஆம்பியர். டேஷ்கேமின் பியூஸைப் பிடுங்கியதும் மளமளவென்று 35-க்கு வந்து நின்றது. நிறுத்தி வைத்தாலும் யாராவது இடித்தால் பதிவு செய்ய வேண்டும் என்று அதற்குத் தனி வயர் இழுத்திருந்தார்கள், அதுதான் குடித்துக்கொண்டிருக்கிறது. பக்கியில் 25 தான், பெரும்பகுதி டிராக்கராக இருக்க வேண்டும். காலை வோல்ட் கார் 12.5, பக்கி 12.6.

அக்கா கேட்டதும் இன்ஷூரன்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். டிராக்கர் எப்போதும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும், அது என் பாலிசியில் நிபந்தனை என்று பதில் வந்துவிட்டது. டிராக்கர் கம்பெனியிலும் கேட்டேன், மெயின் பேட்டரியைக் கழற்றினால் உள்ளிருக்கும் சின்ன பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், கழற்றிய உடனே அவர்களுக்கு எச்சரிக்கை போகும், எனக்கு போன் வரும், நான் எடுக்காவிட்டால் ஆளை அனுப்பலாம் என்றார்கள். ஆகக் கழற்றும் வழி அடைபட்டது.

பக்கிக்குச் சோலார், அது முடிவு. காருக்கு 35 என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரத்தில் 35 ஏ.எச். போகிறது, 60-ல் பாதிக்கு மேல். இது தாங்குமா? சென்சூரியனில் ஒரு நண்பர் வீட்டில் பிளக் உள்ள கராஜ் இருக்கிறது, காரை அங்கே விட்டுச் சார்ஜரில் போடலாமா?

ஸ்பேனர் பாண்டி, லெனேசியா:

தாங்குமா என்றால், வரும் நாளில் ஸ்டார்ட் ஆகலாம், ஆகாமலும் போகலாம், ஆனால் அந்த ஆறு வாரத்தில் பேட்டரியின் ஆயுசில் கொஞ்சம் போய்விடும். 12.5 என்று வேறு சொல்கிறீர்கள், அதாவது நிறையாமலே கிளம்புகிறது. இந்த வகைக் கார்கள் பிரேக் பிடிக்கும்போது வருவதை வாங்கிக்கொள்ள இடம் விட்டு, பேட்டரியை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வைத்திருக்கும், பழுதில்லை. சென்சூரியன் கராஜ் இருக்கும்போது யோசிக்கவே வேண்டாம். வண்டி ராத்திரி தங்கும் இடம் மாறுகிறது என்று இன்ஷூரன்ஸுக்கு அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், அவர்கள் அந்த முகவரியை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது, உங்கள் காரில் மைனஸ் டெர்மினலின் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். சார்ஜரின் கறுப்பை அந்த முனையில் கவ்வாமல், பாடியில் எர்த் போல்ட் எங்கே இருக்கிறதோ அங்கே கவ்வுங்கள். இல்லாவிட்டால் உள்ளே போன சார்ஜ் அந்த சென்சார் கணக்கில் வராது, பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி குறைவு என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

டிசம்பர் ஜனவரி இங்கே இடி மின்னல் காலம், தெரியும்தானே. சார்ஜருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சர்ஜ் பிளக் போடுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வரும் நொடியில்தான் நிறைய சாமான் போகிறது. உம்கேனிக்காரர் சொன்னதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம், சார்ஜரை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். தானே வேலையைத் தொடங்கினால் வையுங்கள், இல்லாவிட்டால் ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

என்1 பயணி:

சரி, நானும் மீட்டர் போட்டுப் பார்த்தேன், என் வண்டி 18. அதனால்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. ஐடில் விடுவதை இனி விட்டுவிடலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்.

மிட்ரண்ட் மதுரைக்காரன்:

கடைசியாக ஒன்று. சார்ஜர் வயர் உள்ளே போக வேண்டும் என்றால் பானெட்டை ஆறு வாரம் அரைகுறையாகத் திறந்தே வைக்க வேண்டுமா?

ஸ்பேனர் பாண்டி, லெனேசியா:

வேண்டாம். பானெட் சரியாக மூடாவிட்டால் அலாரம் பெட்டி தூங்காது, சில வண்டியில் உள்ளே ஒரு பல்பும் எரியும், எலியும் வரும். சார்ஜரோடு வளையம் வைத்த ஒரு குட்டை வயர் வரும். வளையத்தில் சிவப்பைப் பேட்டரி பிளஸிலும் கறுப்பை அந்த எர்த் போல்ட்டிலும் நிரந்தரமாக முறுக்கிவிட்டு, அதன் மறுமுனையைக் கிரில் வழியாக வெளியே விடுங்கள். பானெட்டை அழுத்தி மூடலாம், பூட்டலாம். வந்தபின் பிளக்கை மட்டும் பிடுங்கி மூடியைப் போட்டு உள்ளே தள்ளிவிட்டால் அடுத்த முறைக்கும் ஆச்சு.

நீங்கள் வருவதற்குள் உங்கள் நண்பர் காரை நகர்த்தினால், வயர் மாட்டியிருப்பதை மறந்து அப்படியே பின்னால் எடுத்துவிடுவார், சார்ஜரும் பின்னாலேயே வரும். கடையில் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வையுங்கள், ஏன் கட்டியிருக்கிறது என்று அவரிடம் சொல்லியும் வையுங்கள்.